கடலூர்ப் படகுக்கு எந்தச் சிவப்பு?

பெரிய கப்பலைக் கவனிச்சிருக்கீங்களா? தண்ணிக்கு மேல கறுப்போ நீலமோ எதுவா வேணா இருக்கட்டும், கீழ மட்டும் செங்கல் கலர்ல ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கும். சினிமால பார்த்தாலும் அதே சிவப்பு, சென்னை துறைமுகத்துல பார்த்தாலும் அதே சிவப்பு.

இதை மனசுல வச்சுக்கிட்டு ஒருத்தர் கடலூர் முதுநகர் பக்கம் பெயிண்ட் கடைக்குப் போறார்னு வைங்க.

"அண்ணே, படகுக்கு அடியில அடிக்க சிவப்பு குடுங்க."

"ரெட் ஆக்சைடுதானே? எத்தனை லிட்டர்?"

அவ்வளவுதான். பணம் போச்சு.

ரெட் ஆக்சைடுங்கிறது இரும்பு ஆக்சைடு போட்ட ப்ரைமர். வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிப்போமே, அதேதான். கப்பலுக்கு அடியில இருக்கிற சிவப்பு பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்பு. ரெண்டும் பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேலையில சம்பந்தமே கிடையாது. ஒண்ணு துருவைத் தள்ளிப்போடும். இன்னொண்ணு கொஞ்சம் கொஞ்சமா செம்பைத் தண்ணில கசிய விட்டு, ஒட்ட வர்ற ஜந்துவை விரட்டும். (டப்பால 'மரைன்'னு போட்டிருந்தா போதும்னு நினைக்கிறவங்களும் உண்டு. 'மரைன் எனாமல்'னு விக்கிறதுல பல, தண்ணிக்கு மேல இருக்கிற பாகத்துக்கானது. உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் தாங்கும். நாள் முழுக்க முங்கிக் கிடக்கிறது அதோட வேலை இல்ல.)

யாரு அந்த ஒட்ட வர்ற ஜந்து? முதல் எதிரி கொட்டலசு.

கொட்டலசு சிப்பி மாதிரி தெரிஞ்சாலும் அது இறாலுக்கும் நண்டுக்கும்தான் சொந்தம். குஞ்சா இருக்கும்போது தண்ணில நீந்தித் திரியும். ஒட்டுறதுக்கு இடம் தேடி, உணர்கொம்பை ஊனி நடந்து பார்த்து, பிடிச்சிருந்தா தலையை ஊனிப் பசையை விட்டு உட்கார்ந்துடும். அப்புறம் ஆயுசுக்கும் நகராது. சுத்திலும் சுண்ணாம்புக் கோட்டை கட்டிக்கிட்டு, காலை வெளிய நீட்டி நீட்டிச் சாப்பாட்டை உள்ள தள்ளும். இந்தப் பிராணியை ஆராயறதுக்கு சார்லஸ் டார்வின் 1846-லேர்ந்து 1854 வரைக்கும் எட்டு வருஷம் செலவழிச்சார். படகுக்காரங்க அதே பிராணியை இரும்புத் தகடு வச்சுச் சுரண்டியே பாதி ஆயுசைக் கழிக்கிறாங்க.

கொட்டலசு வர்றதுக்கு முன்னாடி ஒரு வழுவழுப்பு படியும். பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த மெல்லிய சவ்வு. "இதெல்லாம் ஒரு விஷயமா?"ன்னு விட்டுடுவாங்க. ஐ.நா.வோட சர்வதேச கடல்சார் அமைப்பு 2022-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. அரை மில்லிமீட்டர் தடிமன்ல வழுவழுப்பு கப்பலோட அடிப்பரப்புல பாதி வரைக்கும் படிஞ்சாலே, கப்பலையும் வேகத்தையும் பொறுத்து, புகை 25-லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் கூடலாம்னு அதுல இருக்கு. புகை கூடுதுன்னா எண்ணெய் கூடுதலா எரியுதுன்னு அர்த்தம். மானிய டீசலா இருந்தா என்ன, எரிஞ்சு போறது எரிஞ்சு போறதுதானே.

சரி, அப்போ எல்லாப் படகுக்கும் செம்பு பெயிண்ட் அடிச்சுட வேண்டியதுதானா?

இல்ல. இங்கதான் கடைக்காரரும் கேக்காத, வாங்குறவரும் சொல்லாத ஒரு கேள்வி இருக்கு. படகு ராத்திரி எங்க கிடக்குது?

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சாமியார்பேட்டை மாதிரி மணல் கரை உள்ள குப்பங்கள்ல ஃபைபர் படகு கடலுக்குப் போயிட்டு வந்ததும் கரையேறிடும். தோள் கொடுத்துத் தள்ளுவாங்க, இல்லைன்னா டிராக்டர் வச்சு இழுப்பாங்க. தினம் வெயில்ல காயுற அடிப்பாகத்துல கொட்டலசு எங்கேர்ந்து குடும்பம் நடத்தும்? அந்தப் படகுக்கு செம்பு பெயிண்ட் வீண் செலவு. அதோட, மணல்ல இழுபடுற படகுல மிருதுவான பெயிண்ட் நாலு இழுப்புக்குத் தாங்காது. காசு முழுக்க கரையில கோடு கோடா கிடக்கும்.

உப்பனாத்துல கட்டிப் போட்டிருக்கிற விசைப்படகு கதை வேற. நாள் பூரா தண்ணிக்குள்ள. பரங்கிப்பேட்டைக்கிட்ட அன்னங்கோவில்ல வெள்ளாத்து முகத்துவாரத்துல நிக்கிறதுக்கும், முடசலோடைப் பக்கம் நிக்கிறதுக்கும் அப்படித்தான். இதுங்களுக்குத்தான் ஒட்டாம தடுக்கிற பெயிண்ட் வேணும். அதுலயும் ஓடுற படகை விட சும்மா நிக்கிற படகுலதான் ஜந்து சீக்கிரம் ஏறும். பிச்சாவரத்துல சுரபுன்னை வேரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், சிப்பியும் கொட்டலசும் எப்படி அப்பிக் கிடக்கும்னு. அந்தத் தண்ணில நிக்கிற படகும் அதுங்களுக்கு ஒரு வேர்தான்.

ஆத்து முகத்துவாரத்துல ஒரு சௌகரியமும் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழைல வெள்ளம் இறங்கும்போது தண்ணில உப்பு குறையும். கடல் ஜந்துல பலதுக்கு அது ஒத்துக்காது. மரப் படகைத் துளைக்கிற கப்பல் புழுவுக்கும் நல்ல தண்ணி ஆகாது. ஆனா மழை நின்னு உப்பு திரும்ப ஏறினதும் புதுக் குஞ்சுங்க வந்துடும். அதனால மழையை நம்பி பெயிண்டை விட்டுடக் கூடாது.

(கட்டுமரத்தை இந்தக் கணக்குல சேர்க்கவே வேண்டாம். கரைக்கு வந்ததும் கயித்தை அவுத்து, கட்டையைத் தனித்தனியா வெயில்ல காயப் போட்டுடுவாங்க. பெயிண்டும் இல்ல, ப்ரைமரும் இல்ல. பராமரிப்புச் செலவுன்னா கயிறுதான்.)

அடுத்த கேள்வி, படகோட உடம்பு எதால ஆனது?

மரப் படகுன்னா பெயிண்டுக்கு முன்னாடி கலப்பத்து. பலகை இடுக்குல பஞ்சு நூலைத் திணிச்சு, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சின கலவையைப் பூசி அடைக்கிற வேலை. அது சரியா இல்லைன்னா மேல எந்த நாட்டுப் பெயிண்ட் அடிச்சாலும் தண்ணி உள்ள வரும். மரம் நல்லா காயவும் வேணும். ஈரத்தை உள்ள வச்சு மேல மூடினா பெயிண்ட் கொப்பளிச்சு உரியும்.

பழைய காலத்துல மரத்துக்குக் காவல் எண்ணெய்தான். மீன் எண்ணெய், புன்னை எண்ணெய், முந்திரிக் கொட்டையோட ஓட்டுலேர்ந்து வடியிற எண்ணெய். கடைசியில சொன்னதுக்கு கடலூர் மாவட்டத்துக்காரங்க ரொம்ப தூரம் போக வேண்டாம், பண்ருட்டி இருக்கு. (கையில பட்டா தோல் வெந்துடும். முந்திரி உடைக்கிற பெண்களைக் கேட்டா சொல்வாங்க.) மனுஷத் தோலையே பொசுக்குற எண்ணெய் புழுவை சும்மா விடுமா? கேரளத்து வள்ளங்களுக்கும் இதையே பூசியிருக்காங்க.

சுவாரசியம் என்னன்னா, முந்திரி எண்ணெய் படகை விட்டு இன்னும் போகல. வேஷம் மாறி உட்கார்ந்திருக்கு. இன்னைக்கு கப்பலுக்கு அடிக்கிற எபாக்சி பெயிண்ட் ரெண்டு டப்பாவா வரும் இல்லையா, அதுல ஹார்ட்னர் டப்பால ஃபினால்கமைன்னு ஒரு வகை உண்டு. அதை முந்திரி ஓட்டு எண்ணெய்லேர்ந்து எடுக்கிற கார்டனால்ங்கிற பொருளை வச்சுத்தான் தயாரிக்கிறாங்க. குளிர்லயும் இறுகும், கொஞ்சம் ஈரப்பதம் இருந்தாலும் பொறுத்துக்கும். அதனால கப்பல் கட்டுற இடங்கள்ல அதுக்கு மவுசு. பாட்டன் கையில பூசின சரக்கு, பேரனுக்கு டப்பாவுல சீல் வச்சு வருது. விலையும் அதுக்கேத்த மாதிரி.

ஃபைபர் படகுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகிச்சு. தொண்டு நிறுவனங்கள் கொடுத்தது, அரசாங்கம் கொடுத்தது, அவசரத்துக்கு யார் யாரோ செஞ்சு கொடுத்தது. அவசரத்துல செஞ்சதுல தரம் குறைஞ்சதும் இருந்துச்சு. ஃபைபருக்கு வெளித்தோல் ஜெல்கோட். அந்தத் தோல் மணல்ல தேய்ஞ்சு கண்ணாடி நார் வெளிய தெரிஞ்சா, நார் வழியா தண்ணி உள்ள ஊறும். அப்போ பெயிண்ட் டப்பாவோட ஓடக்கூடாது. சுரண்டி, நல்ல தண்ணில கழுவி, நல்லா காயவச்சு, ரெசினும் கண்ணாடி நார் மேட்டும் வச்சுக் கட்டணும். இழுபடுற அடிக்கட்டை, அதாவது ஏரா, அங்க ரெண்டு மூணு மேட்டு கூடுதலாப் போட்டா அதுதான் அந்தப் படகுக்கு நிஜமான பாதுகாப்பு.

புது ஃபைபர் படகுல இன்னொரு வம்பு. அச்சுலேர்ந்து எடுக்கிறதுக்காகத் தடவின மெழுகு மேல ஒட்டியிருக்கும். துடைக்காம, உப்புத்தாள் போடாம பெயிண்ட் அடிச்சா ஒரே சீசன்ல வாழைப்பட்டை மாதிரி உரிஞ்சு வரும். திட்டு வாங்குறது பெயிண்ட் கம்பெனி.

இரும்புப் படகுக்கு மேல சொன்ன செம்பு பெயிண்டை நேரா அடிக்கக் கூடாது. நடுவுல எபாக்சி கோட்டு தடுப்பா இருக்கணும். அலுமினியத்துக்கு குப்ரஸ் ஆக்சைடு பெயிண்ட் பக்கமே போகக் கூடாது. ரெண்டு உலோகம் உப்புத் தண்ணில சேர்ந்தா பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதுல கரையுறது அலுமினியம். செம்புக்கு ஒண்ணும் ஆகாது.

இந்தப் பாடத்தை உலகம் படிச்ச விதம் தமாஷானது. 1761-ல பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்'னு ஒரு போர்க்கப்பலுக்கு அடியில செம்புத் தகடு அடிச்சு அனுப்பிச்சு. திரும்பி வந்தப்போ அடிப்பாகம் சுத்தமா இருந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். கிட்டப் போய்ப் பார்த்தா, இரும்பு ஆணி அரிச்சுப் போயிருக்கு. தகடு சுத்தி வந்த பழுப்புக் காகிதம் தவறுதலா ஒட்டிக்கிட்டிருந்த இடத்துல மட்டும் ஆணி பத்திரம்! ஒரு காகிதம் குறுக்க நின்னதுல ரெண்டு உலோகமும் தொடல. இன்னைக்கு எபாக்சி கோட்டு செய்யுற வேலையை அன்னைக்கு பார்சல் பேப்பர் செஞ்சிருக்கு.

இது ஏதோ லண்டன் கதைன்னு நினைக்காதீங்க. 1783 ஜூன் 20-ந் தேதி இதே கடலூருக்கு எதிர்ல நடுக்கடல்ல ரெண்டு கடற்படை மோதிச்சு. இந்தப் பக்கம் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ், 18 பெரிய போர்க்கப்பல். அந்தப் பக்கம் பிரெஞ்சு தளபதி சுஃப்ரான், 15. அதுக்குள்ள ஆங்கிலேயக் கடற்படை செம்புத் தகட்டை எல்லாக் கப்பலுக்கும் அடிக்கிற திட்டத்தை முடுக்கி விட்டிருந்துச்சு. சுஃப்ரான் 1781-ல பிரான்ஸ்லேர்ந்து கிளம்பினப்போ அவரோட அஞ்சு பெரிய கப்பல்ல ரெண்டுக்குத்தான் செம்பு. சேர்ந்து போற கூட்டத்துல அடி அழுக்கான கப்பல் பின்தங்கினா சுத்தமான கப்பலும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அவருக்கு அது பெரிய தலைவலி. ஆனாலும் கடலூர்ச் சண்டையில கை ஓங்கினது அவருக்குத்தான். ஹியூஸோட கப்பல்கள்ல ஸ்கர்வி நோய் வந்து ஆளுங்க கூட்டம் கூட்டமா படுத்துக் கிடந்தாங்க. அடிப்பாகத்தைப் பார்த்துக்கிட்ட அளவுக்கு ஆளுங்களையும் பார்த்திருக்கணும்.

செம்பைப் பத்தி இன்னொரு கூத்து 1824-ல. விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, செம்புத் தகடு அரிக்காம இருக்க இரும்பு, துத்தநாகத் துண்டை அதோட சேர்த்துப் பொருத்தலாம்னு கண்டுபிடிச்சார். கணக்கு நூத்துக்கு நூறு சரி. செம்பு அரிக்கவே இல்ல. அரிக்காததால செம்பு தண்ணில கசியல. கசியாததால கொட்டலசு பாயைப் போட்டுப் படுத்துடுச்சு! கப்பலுங்க வேகம் குறைஞ்சு, கடற்படை அந்தத் துண்டுகளைக் கழட்டச் சொல்லிடுச்சு. கரையுற பெயிண்ட்தான் வேலை செய்யுற பெயிண்ட். "போன வருஷம் அடிச்சது பாதி காணோம், ஏமாத்திட்டான்"னு கடைக்காரரைத் திட்டறவங்க டேவியை நினைச்சுக்கணும்.

ஆனா எது கரையுதுங்கிறது முக்கியம். 1960-கள்லேர்ந்து டிரைபியூட்டைல் டின்னு ஒரு சரக்கு கப்பல் பெயிண்ட்ல சக்கைப்போடு போட்டுச்சு. செம்பை விட பல மடங்கு காரம். பிரான்ஸ்ல ஆர்கஷோன் விரிகுடால சிப்பி வளர்க்கிறவங்களுக்கு ஓடு கோணல் மாணலா வளர்ந்து தொழிலே படுத்துச்சு. கடல் நத்தைகள்ல பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைச்சுச்சு. பிரான்ஸ் 1982-ல சின்னப் படகுகளுக்கு அதைத் தடை பண்ணிச்சு. 2001-ல சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க, 2008 செப்டம்பர்ல அது அமலுக்கு வந்துச்சு, 2015-ல இந்தியாவும் சேர்ந்துச்சு. 2023-லேர்ந்து சைபியூட்ரின்ங்கிற இன்னொரு மருந்தும் அந்தத் தடைப் பட்டியல்ல. அதனால யாராவது "பழைய ஸ்டாக் அண்ணே, இப்போல்லாம் இப்படிக் கிடைக்காது, செம பவர்"னு ஒரு டப்பாவை ரகசியமா நீட்டினா, கிடைக்காததுக்குக் காரணம் இருக்குன்னு புரிஞ்சுக்கணும். உப்பனாறு ஏற்கெனவே சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டித்தான் ஓடுது. அதுக்கு மேல பாரம் வேண்டாம். மடவையும் நண்டும் அதே ஆத்துலதான் பிடிபடுது.

இப்போ கிடைக்கிற செம்பு பெயிண்ட்ல ரெண்டு பெரிய ஜாதி. ஒண்ணு கெட்டியானது: செம்பு மட்டும் கசிஞ்சு போகும், பெயிண்ட் படலம் அப்படியே நிக்கும். உரசல் தாங்கும். ஆனா வருஷா வருஷம் படலம் மேல படலம் சேர்ந்து தடிச்சு, ஒருநாள் மொத்தமா சுரண்ட வைக்கும். இன்னொண்ணு தானே தேய்ஞ்சு புதுத்தோல் காட்டுறது. ஓடுற படகுக்கு நல்லது, அடுத்த வருஷம் சுரண்டல் கம்மி. ஆத்துல கிடந்து வாரத்துல பல நாள் கடலுக்குப் போற விசைப்படகுக்கு ரெண்டாவது ஒத்து வரும். முகத்துவாரத்துல அடிக்கடி தரை தட்டுற படகுன்னா முதலாவது.

செம்பே இல்லாத சிலிக்கோன் பெயிண்டும் இருக்கு. வழுக்கி விடுற மாதிரி பரப்பு, ஜந்து ஒட்டினாலும் படகு வேகமா ஓடும்போது கழண்டு விழும். கேக்க நல்லா இருக்கு. ஆனா அதுக்கு வேகம் வேணும். மடி இழுக்கிற படகு மணிக்கு ரெண்டு மூணு கடல் மைல்ல ஊர்ந்துக்கிட்டிருக்கும். அந்த வேகத்துக்குக் கொட்டலசு ஏன் பயப்படணும்? இழுவைப் பலகை பட்டாலும் சிலிக்கோன் கிழியும். அது வேகமா ஓடுற பெரிய கப்பலுக்கு.

எவ்வளவு வாங்கணும்? இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. தண்ணி மட்டத்துல படகோட நீளத்தை, அகலமும் முங்குற ஆழமும் சேர்ந்த தொகையால பெருக்கணும். நீளம் 14 மீட்டர், அகலம் 4.5, ஆழம் 1.5-ன்னா 84 சதுர மீட்டர். டப்பாவோட விவரத் தாள்ல திடப்பொருள் எத்தனை சதவீதம்னு போட்டிருப்பாங்க. அதை 10-ஆல பெருக்கி, காய்ஞ்ச படலம் எத்தனை மைக்ரான் வேணுமோ அதால வகுத்தா, ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும்னு தெரியும். 50 சதவீதம், 100 மைக்ரான்னா 5 சதுர மீட்டர். அப்போ ஒரு கோட்டுக்கு 17 லிட்டர், ரெண்டு கோட்டுக்கு 34. சேதாரம் தனி. தின்னரை ஊத்தி 20 லிட்டர்ல ரெண்டு கோட்டு 'முடிச்சுக் குடுக்கிற' ஆளு கெட்டிக்காரர்தான், ஆனா கொட்டலசுக்கு மைக்ரான் கணக்கு நல்லாவே தெரியும்.

முதல் கோட்டை ஒரு கலர்லயும் ரெண்டாவதை வேற கலர்லயும் அடிச்சா ஒரு வசதி. மேல் கலர் தேய்ஞ்சு கீழ் கலர் தெரிஞ்சா அடுத்த பெயிண்டுக்கு நேரம் வந்துடுச்சுன்னு படகே சொல்லும். அணியம், சுக்கான், தண்ணி மட்டக் கோடு, இந்த இடங்கள் முதல்ல தேயும். அங்க ஒரு கோட்டு கூடுதல்.

விசைப்படகுக்கெல்லாம் இந்த வேலைக்கான சீசன் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். நிறைய இருக்கிற மாதிரி தெரியும். கரையேத்த முறை வர்றதுக்குக் கொஞ்ச நாள், தச்சருக்குக் கொஞ்ச நாள், என்ஜினுக்குக் கொஞ்ச நாள்னு போய், பெயிண்டுக்குக் கடைசி வாரம்தான் மிஞ்சும். அப்போ அவசரத்துல கழுவாம அடிப்பாங்க. கடல்காத்து கொண்டுவந்து படிய வச்ச உப்பு மேல அடிச்ச பெயிண்ட் எதுவும் நிக்காது. நல்ல தண்ணில கழுவிக் காய விடணும். விடிகாலைப் பனி ஈரத்துலயும் அடிக்கக் கூடாது, உச்சி வெயில்ல கொதிக்கிற பரப்புலயும் அடிக்கக் கூடாது. கத்திரி வெயில்ல எபாக்சியும் ஹார்ட்னரும் கலந்து வச்சுட்டு டீ குடிக்கப் போனா, திரும்பி வரும்போது டப்பாவுல கல்லுதான் இருக்கும்.

பழைய பெயிண்ட் என்னன்னு தெரியாம மேல ரெண்டு டப்பா எபாக்சி அடிக்கிறதும் ஆபத்து. கீழ சாதா எனாமல் இருந்தா எபாக்சியோட தின்னர் அதைச் சுருட்டி எடுத்துடும். ஒரு சின்ன இடத்துல தின்னர் துணியை வச்சுத் தேய்ச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும், கரைஞ்சு வந்தா எனாமல் ஜாதி. சுரண்டும்போது உலர்ந்த தூள் பறக்க விடாம ஈரம் போட்டுத் தேய்க்கணும், மூக்கை மூடணும், தூளை ஆத்துல தள்ளாம சாக்குல அள்ளணும். ஜந்துவைக் கொல்ற மருந்து அதுல இன்னும் மிச்சம் இருக்கும்.

எல்லாம் முடிஞ்சு டப்பாவுல கொஞ்சம் பெயிண்ட் மீந்தா, பெயிண்டருக்குக் கை சும்மா இருக்காது. புரொபெல்லர் பக்கம் வெள்ளைக் கட்டியா ஒரு துத்தநாகம் மாட்டியிருப்பாங்க. தான் அரிச்சுப் போய் மத்த உலோகத்தைக் காப்பாத்துறது அதோட வேலை. தண்ணி பட்டாத்தான் அது வேலை செய்யும். "இது மட்டும் ஏன் அசிங்கமா இருக்கு?"ன்னு அதுக்கும் ரெண்டு கோட்டு போட்டுடுவாங்க. படகை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அது சிவப்பா இருந்தா, கம்பி பிரஷ்ஷை எடுத்துக் குடுத்து அவரையே சுரண்டச் சொல்லுங்க.